நான் பதிவு செய்த மழை

மழையே பெய்யாத ஒரு நாளில் இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அதுவும் கோவில்பட்டியில் பிறந்து, இயற்பியலில் பட்டம் வாங்கி, மழைக்காலமெல்லாம் செருப்பில் ஒரு கிலோ கரிசல் மண்ணை இழுத்துக்கொண்டு நடந்தவள். இதை வெளியே சொல்ல எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் செயற்கை மழை ஆராய்ச்சி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. தோதான மேகம் வந்தால் அவர்கள் விமானத்தில் போய் உப்புத் தூளைத் தூவுவார்கள். கீழே எவ்வளவு மழை விழுந்தது என்று அளக்க ஊருக்கு ஊர் மழைமானி வைத்திருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்தில் ஒன்று என் பொறுப்பு. காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதி, போனில் சொல்ல வேண்டும். (அம்மா தெரு முழுக்க, 'எம் மகதான் மழையக் கொண்டு வாரா' என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை.)

மானி நின்றது ராசாத்தி அக்காவின் மிளகாய்க் காட்டில். கணவர் திருப்பூரில் வேலை பார்க்க, அக்கா தனியாக வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசி பாதி போயும் மழை இல்லை. செடியெல்லாம் தலை கவிழ்ந்து நின்றது. தினமும் மானியைத் திறப்பேன். சில நாள் உள்ளே ஓர் எறும்பு இருக்கும். அவ்வளவுதான்.

"என்னட்டி, இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?"

"சைபர்க்கா."

"சரி விடு. டீ குடிச்சிட்டுப் போ."

மழையைப் பெய்ய வைப்பதே என் வேலை என்பது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிப்பேன்.

ஒருநாள் விமானம் பறந்தது. மறுநாள் காலை மானியைத் திறந்தால், தண்ணீர்! அளந்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர்.

"அக்கா, ராத்திரி மழையாக்கா?"

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெஞ்சிருக்கும்ட்டி. நான் அசந்து தூங்கிட்டேன்."

வாசலில் கோழி புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. என் ஸ்கூட்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டுதான் வந்திருந்தது. இயற்பியல் பட்டதாரிக்கு இரண்டும் கண்ணில் படவில்லை. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனிலும் சொல்லிவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் ஆராய்ச்சி அதிகாரி நேரில் பார்க்க வந்தார். ஜீப்புக்கு முன்னால் புழுதி வந்தது. இறங்கினார், குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். பாதியைக் காற்று கொண்டு போனது. பிறகு என் செருப்பைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கடையில் வாங்கிய அன்று இருந்ததைப் போல், சேறே ஒட்டாமல் இருந்தது.

"எங்கம்மா மழை?" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார். "சார், அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீய. நாந்தான் அரைச் செம்புத் தண்ணி ஊத்துனேன்."

"ஏன்மா?"

"தெனமும் சைபர் சைபர்னு எழுதிட்டு, மூஞ்சத் தொங்கப் போட்டுட்டுப் போறா. மழை வரலன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவியளோன்னு பயந்துட்டேன். பொம்பளப் பிள்ள, இம்புட்டுத் தூரம் வண்டி ஓட்டிட்டு வாரா."

அவர் முதுகுக்குப் பின்னால் மிளகாய்ச் செடிகள் அந்தச் செம்புத் தண்ணீருக்கும் வழியில்லாமல் வாடி நின்றன. நான் அழுதுவிட்டேன். (அழகாக அல்ல. மூக்கு ஒழுக.)

அதிகாரி வரப்பிலேயே உட்கார்ந்தார். "மழை வரலைன்னாலும் உள்ளபடி எழுதணும்மா. சைபரும் எங்களுக்கு வேணும்."

"அப்ப மழை வரலங்கதச் சொல்லவா இவ தெனமும் வாரா?"

"ஆமாம்மா."

அக்கா மானியை ஒரு பார்வை பார்த்தார். "அத நானே சொல்லிருப்பேனே சார். எத்தன வருசமாப் பாக்குதேன்!"

முதலில் சிரித்தவர் அதிகாரிதான்.

ஆனாலும் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார். 'அன்பின் காரணமாக மானியில் தண்ணீர் ஊற்றப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அன்பை அடித்துவிட்டு, 'வெளியாள் தலையீடு' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. மானிக்குப் பூட்டு வந்தது.

மழையும் வந்தது, பத்து நாள் கழித்து, விமானம் ஏறாத ஒரு நாளில், தானாகவே. பாதிச் செடி பிழைத்தது. அன்று சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு போய் மூன்று முறை அளந்தேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். விளாத்திகுளம் பக்கம் எப்போது மழை பெய்தாலும் ராசாத்தி அக்காவிடமிருந்து போன் வரும். 'உன் மழை ஆபீஸ்' என்று சிரித்தபடி என் கணவர் ஸ்பீக்கரில் போடுவார். முதலில் பேச்சே இருக்காது. அக்கா போனைக் கூரைக்கு வெளியே நீட்டிப் பிடித்திருப்பார் போல, சோவென்று இரைச்சல் மட்டும் கேட்கும். நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். அப்புறம் அக்காவின் குரல் வரும்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. இது நான் ஊத்தல."