புள்ளிக்குள் போன என் ஸ்கிரிப்ட்

ஒரு வேலையை எத்தனை தடவை சரிபார்த்தால் போதும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. (கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியவள் நான். மூடித்தான் இருந்தது. நான்கு தடவையும்.)

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைப்பிஸ்ட்டாக இருந்த என்னை அதில் பழகச் சொன்னார்கள். பிறகு ஒரு சோதனை: கம்ப்யூட்டரில் உள்ள டைரக்டரிகளையும் அவற்றுக்குள் இருக்கும் ஃபைல்களையும் பட்டியல் போட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசை, எழுத வேண்டும். மெட்ராஸிலிருந்து வரும் அதிகாரி முன்னால் பட்டியல் சரியாக வந்தால் கம்ப்யூட்டர் பிரிவு. இல்லாவிட்டால் பழையபடி டைப்ரைட்டர்.

பத்து வரியில் எழுதினேன். டைரக்டரியைக் கண்டால் உள்ளே போ, இருப்பதையெல்லாம் எழுது, அதற்குள் இன்னொன்று இருந்தால் அதற்குள்ளும் போ. முந்தின நாள் ஒன்றரைப் பக்கத்தில் அழகாக அச்சாகி வந்தது.

"போதும்மா, இனி இதைத் தொடாதீங்க," என்றார் பிரிவுத் தலைவர் ஆரோக்கியம் சார்.

தொடாமல் இருப்பேனா? ஏதாவது விட்டுப்போயிருந்தால்? மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்ட ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தால் போதும் என்று புத்தகத்தில் இருந்தது. மறுநாள் அதிகாரி வருவதற்குச் சற்று முன் சேர்த்தேன்.

அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை. அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு டைரக்டரியின் பட்டியலிலும் ஓர் ஒற்றைப் புள்ளியும் வரும். புள்ளி என்றால் இதே டைரக்டரி என்று பொருள். அதிகாரி முன்னால் ஓட்டியதும் என் ஸ்கிரிப்ட் புள்ளிக்குள் போனது. அங்கே இன்னொரு புள்ளி. அதற்குள்ளும் போனது. (பஸ்ஸிலிருந்து இறங்கி இறங்கி வீட்டுக்கே போகிறவள் எழுதியது வேறெப்படி இருக்கும்?)

பிரிண்டர் கறகறவென்று புள்ளிகளாக அடித்துத் தள்ளியது. மடிப்பு மடிப்பான காகிதம் மேஜையிலிருந்து வழிந்து அதிகாரியின் ஷூவை மூடியது.

"என்ன சார் இது, மார்கழிக் கோலமா?" என்றார் அவர்.

ஆரோக்கியம் சார் ஓடிப்போய் பிரிண்டரை அணைத்தார். "தொடாதீங்கன்னு சொன்னேனேம்மா!"

"ஒண்ணும் விட்டுப்போயிடக் கூடாதேன்னுதான் சார்..."

"சேர்த்ததை எடுங்க."

எடுத்தேன். அதே ஒன்றரைப் பக்கம் வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். "இந்தம்மா இங்கேயே இருக்கட்டும். ஆனா வேலை முடிஞ்சதும் கீபோர்டை நீங்க வாங்கி வெச்சுக்குங்க சார்."

வீணான காகிதத்தின் பின்பக்கத்தில்தான் என் மகள் 'அ' எழுதிப் பழகினாள். காகிதம் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது நான் கொஞ்சம் தயங்கினால் போதும், "அப்பா, அம்மா புள்ளிக்குள்ள போறாங்க!" என்று கத்துகிறாள். அவர் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுகிறார்.

இந்தக் கட்டுரையை ஆறு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். எத்தனையாவது தடவையில் நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இதைக் கவரில் போட்டு ஒட்டியிருப்பாளே என்று தயங்க வேண்டாம். எப்படியும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பேன்.