ஒண்ணை அமுக்கு மாமா

நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பி, இருந்த நேரம் அத்தனையையும் அந்த மிச்சம் பிடிக்கிற வேலையிலேயே தொலைத்தவர் கடலூர் ஜில்லாவில் ஒருவர்தான் உண்டு. அவர் எனக்கு மாமா. ரத்த சொந்தமெல்லாம் கிடையாது. முதுநகரில் அவருடைய குடோனுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான் வருஷக்கணக்காகக் குடியிருந்தேன். வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டால் தண்ணீர் மோட்டாரைக் கூடக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார் என்று ஒரு நப்பாசை. அப்படி ஒட்டிக்கொண்ட உறவு.

குடோனில் என்ன இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். இரண்டு ஐஸ் பெட்டிகள். சாவு வீட்டில் உடலை வைக்க வாடகைக்குக் கொண்டுவருவார்களே, கண்ணாடி மூடி போட்டது, அதேதான். கூடவே சாமியானாவும் பிளாஸ்டிக் சேர்களும். முதலாளி, மேனேஜர், எடுபிடி எல்லாம் மாமா ஒருத்தரே. பெட்டியை ஏற்றி இறக்க மட்டும் செல்வம் என்கிற லோடு வண்டிக்காரர் வருவார். என் கட்டிலுக்கு நேர் கீழே அந்தப் பெட்டிகள். குடிவந்த புதிதில் எனக்குத் தூக்கமே இல்லை. போகப் போகப் பழகிவிட்டது.

பழகவே முடியாதது மாமாவின் செல்போன்தான். எந்நேரமும் அடிக்கும். அடித்தால் எங்கேயோ ஒருத்தர் போய்விட்டார் என்று அர்த்தம்.

மாமாவின் மனைவிக்கு, எனக்கு அவர் அத்தை, கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். மாமாதான் பஸ்ஸில் கூட்டிப்போய், அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, மறுபடி பஸ்ஸில் கூட்டிவருவார். பிள்ளை குட்டி இல்லை. ஊசி குத்தும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அத்தை இருந்ததில்லை. அந்த வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லாம் மிஷின் தயவில் மூச்சு விடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவில்தான் மாமாவின் போன் அடிக்கும். மாமாவுக்கோ மெதுவாகப் பேச வராது.

"எப்ப போச்சு? காலையிலயா? எத்தினி நாளு வெச்சிருக்கப் போறீங்க? வெளிநாட்லேர்ந்து யாருனா வரணுமா?"

மொத்த வார்டும் அவரைத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லிவிட்டார்.

"ஏங்க, பக்கத்து பெட்டு அம்மா நீங்க பேசறத கேட்டுட்டு அழுவுறாங்க. ஒண்ணு போனை எடுக்காதீங்க. இல்லன்னா நீங்க வராதீங்க."

போனை எடுக்காவிட்டால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் டயாலிசிஸ் நின்றுவிடும். வராமல் இருந்தாலோ அத்தை யார் கையைப் பிடிப்பார்? மனிதர் அன்று வீட்டுக்கு வந்ததும் நேராக என் அறைக்கு ஏறி வந்தார்.

"மாப்ள, இனிமே நான் போனே எடுக்கப் போறதில்ல. மிஷினு எடுக்கும், மிஷினு பேசும், மிஷினே வண்டிய அனுப்பும். நான் உங்க அத்தை பக்கத்துல சும்மா குந்தியிருப்பேன்."

"நடக்கிற காரியமா மாமா?"

"வீடியோல எல்லாம் இருக்குது. ஒத்தை ஆளு வெச்சு கம்பெனியே நடத்துறான்."

வீடியோவைப் பார்த்துப் பார்த்தே மாமா கற்றுக்கொண்டார். அதற்காக எத்தனை வாரம் போனது என்று கேட்காதீர்கள். முதலில் போனை எடுக்கிற மிஷின். அதில் பேசுகிற கம்ப்யூட்டர் குரல் மாமாவுக்குப் பிடிக்கவில்லை, புயல் எச்சரிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். அதனால் குடோன் ஷட்டரை இறக்கிவிட்டு, ஐஸ் பெட்டி ஓரமாக ஒரு சேர் போட்டு, அத்தையை உட்கார வைத்துப் பேசச் சொன்னார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

"வணக்கங்க. துக்க வீடா இருந்தா ஒண்ணை அமுக்குங்க. பந்தலு, சேரு மட்டும்னா ரெண்டை அமுக்குங்க. பேரும் ஊரும் சொல்லுங்க, வண்டி வரும்." அவ்வளவுதான் அத்தை பேசவேண்டியது. பெட்டி இல்லாத சமயத்துக்கு இன்னொன்று: "மன்னிச்சுக்குங்க, பெட்டி ரெண்டும் வெளிய போயிருக்குது." அத்தைக்கு அருமையான குரல், கேட்டால் துக்கம் பாதி குறையும். ஆனால் போனில் யாரிடம் பேசினாலும் முடிக்கும்போது சொல்கிற பழக்கத்தில், இரண்டு தடவையும் கடைசியில் "சரிங்க, வரேங்க" என்று சேர்த்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டில் அந்த வார்த்தையை யாராவது சொல்வார்களா? போனவுடன் 'வாங்க' கிடையாது, கிளம்பும்போது 'வரேன்' கிடையாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சாவு வீடு என்ன, மாமாவின் குடோனிலிருந்தே யாரும் 'வரேன்' சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். டீ கொண்டுவருகிறவர்கூட கிளாஸை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவுவார். நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

"மாமா, அந்தக் கடைசி வார்த்தைய வெட்டிடுங்க. ஐஸ் பெட்டிக்காரரு 'வரேங்க'ன்னா நல்லாவா இருக்குது?"

மாமா எதை எதையோ தட்டிப் பார்த்தார். வெட்டினால் முழுப் பேச்சும் போனது. திரும்பப் பேசச் சொல்லலாம் என்றால் அத்தைக்கு மூச்சு வாங்கியது.

"வுடு மாப்ள, களைச்சுப் போயிட்டா. கடைசி வரைக்கும் எவன் கேக்கப் போறான்."

எல்லாரும் கேட்டார்கள். முதல் ஆளாகக் கேட்டவர் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார். ஈர லுங்கி, சிவந்த கண்.

"எங்கப்பன் செத்துக் கெடக்குறாரு. ஒண்ணை அமுக்குன்னுது, அமுக்குனேன். பேரு சொல்லுன்னுது, சொன்னேன். கடைசியில வரேங்கன்னுது. யாருக்குய்யா வர்றீங்க? எங்கம்மா இன்னும் இருக்குது, சொல்லிட்டேன்."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியோடு தானே வண்டியில் ஏறிப்போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தார். அன்றையிலிருந்து ஊரில் அவர் பெயர் ஒண்ணை அமுக்கு மாமா.

அடுத்தது வாட்ஸ்அப். யாராவது சேதி அனுப்பினால் பதில் தானாகவே போகவேண்டும் என்று, எங்கேயோ ஒரு பேக்கரி அனுப்பிய சேதியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார். வடலூரில் ஒரு பெரியவர் தவறிப்போன வீட்டுக்கு, "இந்த இனிய தருணத்தில் எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு மகிழ்ச்சி" என்று பலூன் படத்தோடு போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு மருமகன் போனில் பேசியதை இங்கே அச்சிட ஆசிரியர் விடமாட்டார்.

அதோடு விட்டாரா? பெட்டி திரும்பி வந்ததும், "எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் தரவும்" என்று ஒரு கேள்வி தானாகப் போகும்படி செய்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து மூன்று நட்சத்திரம் வந்தது. மாமா அன்று சாப்பிடவில்லை.

"என்னா கொறையாம் மாப்ள?"

"குளிர் பத்தலையாம் மாமா."

"அது வெளிய நிக்கிறவனுக்கு எப்டிடா தெரியும்?"

நியாயமான கேள்விதான். உள்ளே இருந்தவரிடமிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை.

இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று புட்டுக்கொள்ளும். அதைச் சரிசெய்ய மாமா வார்டில் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருப்பார். போன் அடிப்பது நின்றது வாஸ்தவம்தான். அத்தைதான் என்னிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். "முன்னெல்லாம் போன்ல பேசிக்கிட்டே என் மூஞ்சையாவது பாத்தாரு தம்பி. இப்ப போனோட மூஞ்சையே பாத்துக்கிட்டு இருக்காரு."

அத்தைக்குத் தண்ணீர் அளவோடுதான். தாகம் பொறுக்காவிட்டால் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஊருக்கே ஐஸ் பெட்டி கொடுக்கிறவர் பெண்டாட்டிக்கு ஒரு துண்டு ஐஸ்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிக்க எனக்குத் தைரியம் வராது.

பேசும் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரண்ட் போனால் பெட்டி தானாகவே குரல் கொடுக்கவேண்டும் என்று மாமா உள்ளே பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டார். குரல் கம்ப்யூட்டருடையது, கனத்த ஆம்பிளைக் குரல். மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டில் ஜனம் கூடி அழுதுகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பெட்டிக்குள்ளிருந்து, "கரண்ட் இல்லை, தயவுசெய்து உடனே கவனிக்கவும்" என்று சத்தம். சேரோடு சாய்ந்தவர்கள், செருப்பை விட்டு ஓடியவர்கள், மாலையோடு தெருவுக்கு வந்தவர்கள் என்று பந்தல் காலி. இறந்தவரின் மனைவி மட்டும் அசையவில்லையாம்.

"இது அவுரு இல்ல. அவுரு என்னைக்கு 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னாரு?" என்றாராம். சொல்லிவிட்டு, அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்த அம்மா குமுறிக் குமுறி அழுததாகச் செல்வம் வந்து சொன்னார். மாமா அன்றே ஸ்பீக்கரைப் பிடுங்கிப்போட்டார்.

பலூனும் போனது, நட்சத்திரமும் போனது. போகாதது அத்தையின் 'வரேங்க' மட்டும்தான். ஒருவழியாக மிஷின்கள் அடங்கி வேலை செய்ய ஆரம்பித்தன. போன் வந்தால் மிஷின் எடுத்து, பேரும் ஊரும் கேட்டு, செல்வத்துக்குச் சேதி அனுப்பும். செல்வம் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவார். மாமாவுக்கு ஒரு வேலையும் இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு சிதம்பரம் போனேன். மாமாவுக்கு இட்லியும் கொத்சும் வாங்கி வந்தேன். அத்தை பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி, கொத்சு வாசனையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு மூடச் சொன்னார். மாமாவின் போன் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அவரும் எடுத்துப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்து பெட்டு அம்மாகூட அதைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, இன்னிக்கு உங்க மாமா என் மூஞ்சையே பாக்கறாரு. எனக்கு வெக்கமா இருக்குது."

அத்தை என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. நர்சுகள் ஓடிவந்தார்கள், டாக்டர் வந்தார், எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அத்தை போய்விட்டார்.

மாமா வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். அங்கேயே நின்றபடி சொன்னார்.

"பெட்டி வேணும் மாப்ள."

செல்வத்துக்குப் போட்டேன், எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான். நம்ம நம்பருக்கே போடு. அதுல சொன்னாத்தான் அவனுக்குச் சேதி போவும்."

போட்டேன். அத்தை எடுத்தார். வணக்கங்க, துக்க வீடா இருந்தா ஒண்ணை அமுக்குங்க. மாமா போனை வாங்கி, தானே ஒன்றை அமுக்கினார். பேரும் ஊரும் சொல்லவேண்டிய இடம் வந்தது. "முத்துலட்சுமி, கடலூர் முதுநகர்" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மன்னிச்சுக்குங்க, பெட்டி ரெண்டும் வெளிய போயிருக்குது. சரிங்க, வரேங்க."

அன்று காலை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மிஷின் ஒரு பிசகும் இல்லாமல் இரண்டு பெட்டிகளையும் இரண்டு வீடுகளுக்கு அனுப்பி வைத்திருந்தது. பாவி மிஷின், அன்றைக்குப் பார்த்தா ஒழுங்காக வேலை செய்யவேண்டும்? நான் வாய்விட்டே திட்டினேன். மாமா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் பேச்சு நின்று வெகுநேரம் ஆகியும் வைத்துக்கொண்டே நின்றார்.

செல்வம் திரும்பக் கூப்பிட்டு, சேதி கேட்டதும் அழுதுகொண்டே, ஒரு வீட்டில் கேட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்துவரட்டுமா என்றார். "வெச்ச வீட்லேர்ந்து எடுக்கறதா? கூடாதுடா" என்றுவிட்டார் மாமா. சிதம்பரத்திலேயே வேறொருவரிடம் பெட்டி பேசி அத்தையைக் கொண்டுவந்தோம். வீட்டில் இறக்கியதும் மாமா கண்ணாடி மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

"குளிரு நல்லாத்தான் இருக்குது மாப்ள" என்றார்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. வந்த ஜனம் ஒவ்வொருவராக, முறைப்படி, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். செல்வமும் அப்படியே போனார். நானும் அப்படியே மாடிக்கு ஏறிப்போய்ப் படுத்துக்கொண்டேன். கீழே தன் வாடகைச் சேர்களுக்கு நடுவில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு எனக்கு வேலை மாறி சிதம்பரத்துக்கே குடிவந்துவிட்டேன். போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு பெட்டியும் குடோனில் இருந்தன. ஆள் இளைத்துவிட்டார். மிஷினில் இன்னமும் அத்தைதான் பேசுகிறார். இன்னமும் ஜனங்கள் திட்டுகிறார்கள்.

"மாமா, இப்ப அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் சுளுவா வெட்டிடலாம். நான் வெட்டித் தரட்டா?"

மாமா போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. அத வெட்டிட்டா, அவ சொல்லாம போயிட்ட மாதிரி ஆயிடும்."

டீ குடித்தோம். டீ கொண்டுவந்தவர் கிளாஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் சத்தமில்லாமல் நழுவினார். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு ஷட்டர் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்று, "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.