பெரட்டு அக்கா போட்ட அரைப் பேர்

புயல் வந்தால் கப்பலை நிறுத்துவார்கள். கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக் தீவுக்குப் படகு போகாது. இது எதுவும் இல்லாத பளிச்சென்ற வெயில் நாளில், டிக்கெட் எடுத்து, தொப்பி வாங்கி, உடம்பெல்லாம் கிரீம் பூசிக்கொண்டு வந்த சுற்றுலாக் கூட்டத்தைக் கேட்டோடு திருப்பி அனுப்பக்கூடிய ஆள் அந்தமான் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். பெரார்கஞ்ச் மிளகுத் தோட்டத்துப் பெரட்டு அக்கா. காரணம் கேட்டால், "பெரட்டு முடிஞ்சிருச்சு" என்பார்.

பெரட்டு என்பது இலங்கை மலைத் தோட்டங்களில் விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒழுங்காக வேலை செய்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. அக்கா கைக்குழந்தையாக அங்கிருந்து கப்பல் ஏறியவர். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு வளர்ந்தார். அங்கேயும் பெரட்டு உண்டு. சுனாமி அங்கே இருந்ததையெல்லாம் கொண்டுபோனது. பெரட்டை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அது அக்காவின் மண்டைக்குள் இருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹேவ்லாக் ரிசார்ட்டில் பாத்திரம் கழுவி, ஜங்லிகாட்டில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டி, எங்கேயும் நிலைக்காமல் மிளகு பறிக்க வந்தேன். பாக்குக் கொட்டகையில் படுக்கை. அட்டை கடிக்கும், உப்பைத் தேய்த்தால் விழுந்துவிடும். சோறு உண்டு. குறையொன்றும் இல்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைத் தவிர நாலே ஆட்கள். ராத்திரி ஒரே சட்டியில் சாப்பிட்ட எங்களைக் காலையில் வரிசையில் நிறுத்தி, முன்பின் பார்த்திராதவர்போலப் பேர் கூப்பிடுவார். "இங்கதான்க்கா நிக்கிறேன்" என்றால், "நிக்கிறது தெரியுது. பேருக்குப் பதில் சொல்லு" என்பார். சாயங்காலம் எனக்குத் தவறாமல் அரைப் பேர். முதலாளி கூலியை முழுசாகத்தான் தந்தார். அரைப் பேர் அக்காவின் வாயோடு சரி. அதனாலேயே அது அதிகமாக உறைத்தது.

இந்தத் தோட்டத்துக்குத்தான் 'மிளகு அறுவடை பாருங்கள்' என்று கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்தான் பேக்கேஜ் பாபு. ஜங்லிகாட்டில் டிராவல்ஸ் வைத்திருந்தவன். நிலாவைக் காட்டினால் அதையும் காலை டிபனோடு சேர்த்து விற்றுவிடுவான். வந்தவர்களையும் அக்கா விடவில்லை. ஆம்பளை ஒரு வரிசை, பொம்பளை ஒரு வரிசை. புது மாப்பிள்ளை ஒருவர் பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றார். "வேல முடிஞ்சு சேந்துக்கலாம், ஜல்தி இந்தப் பக்கம் வா" என்று இழுத்துவிட்டார். எல்லோர் கையிலும் கூடை. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால்தான் தொடலாம். கடைசியில் ஒவ்வொருவரையும் பார்த்து, "ஆதா நாம்" என்பார். அரைப் பேருக்கு அக்காவின் இந்தி. ரிட்டையர்டு பேங்க் ஆபீசர் ஒருவர் அந்த அவமானம் தாங்காமல் ஹேவ்லாக் டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு, மறுநாள் தனியாக ஆட்டோ பிடித்து வந்து பொழுதுக்கும் பறித்தார். அன்றைக்கும் ஆதா நாம்.

பாபு ஒருநாள் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதரை அழைத்துவந்தான். அவர் தலையாட்டினால் சீசன் முழுக்க அவர் கம்பெனி ஆட்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். அவர் வரிசையில் நிற்கவில்லை. நேராகப் போய்ப் பச்சைச் சரம் ஒன்றைப் பிடித்து போட்டோவுக்காக இழுத்தார். சரத்தோடு கொடியும் பாக்கு மரத்திலிருந்து உரிந்து வந்தது.

"ஒங்களுக்கு அரைப் பேர்கூட இல்ல. கெளம்புங்க" என்றார் அக்கா.

மேடம் உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷப்படுகிறார் என்று பாபு மொழிபெயர்த்தான். அக்கா தான் சொன்னதையே இந்தியில் திருப்பிச் சொன்னார். பெரிய மனிதர் கிளம்பிவிட்டார்.

சாயங்காலமே பாபு ஓடிவந்தான். நாளைக்கு முதலாளி வருகிறார், மன்னிப்புக் கேட்டு இனிமேல் பெரட்டு இல்லை என்று சொல்லாவிட்டால் அறையைக் காலி செய்யவேண்டியதுதான் என்றான். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையை விட்டால் அக்காவுக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நானும் கெஞ்சினேன்.

"எங்கம்மா காய்ச்சலோட வரிசையில நின்னுச்சு. என்னைய வயித்துல வச்சுக்கிட்டு நின்னுச்சு. பிந்திப் போன அன்னிக்கு நாயி மாதிரி வெரட்டுனாங்க. இவுங்க போட்டோ புடிக்கிறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் நின்னா தேஞ்சா போயிருவாங்க?"

மறுநாள் வெயில் ஏறிய பிறகு முதலாளியின் ஜீப் வந்தது. கைதிகள் காலத்திலிருந்து தீவில் இருக்கும் குடும்பம். தமிழ் புரியும், ஆனால் இந்திதான் பேசுவார், அதுவும் அதிகம் பேசமாட்டார். அக்கா கேட்டில் குறுக்கே நின்றார்.

"பெரட்டு முடிஞ்சிருச்சு, தொரை. நாளைக்கு வாங்க."

அவர் தோட்டம், அவர் கேட். ஜீப் திரும்பிப் போனது. நாங்கள் நாலு பேரும் மூட்டை கட்டத் தொடங்கினோம். அக்கா உட்கார்ந்து ஏணிக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிகாலை வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் முதலாளி. அக்கா எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு முடித்து, அவரிடம் பேர் கேட்டார். சொன்னார். இன்னும் சத்தமாக என்றார் அக்கா. சத்தமாகச் சொன்னார். கூடை கொடுக்கப்பட்டது. ஒற்றை மூங்கில் ஏணியில் அவர் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் பாக்கு மரமே ஆடியது.

மத்தியானம் கூடையைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "அரைப் பேர். உச்சியில இருந்ததையெல்லாம் விட்டுட்டீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளி சாக்கின்மேல் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "என் தாத்தாவோட அப்பா இங்கே கைதியா வந்தவர். அவரையும் தினம் வரிசையிலதான் நிறுத்துவாங்களாம். ஆனா பேர் கூப்பிட மாட்டாங்க. நம்பர்தான்."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அரைப் பேரை மட்டும் மாற்றவில்லை.

வரிசையில் நிற்காதவர்கள் வரவேண்டாம் என்று முதலாளி பாபுவுக்கு போன் போட்டார். பாதி பஸ்கள் நின்றுபோயின. மீதியை பாபு 'பெரட்டு பேக்கேஜ்' என்று கூடுதல் விலைக்கு விற்றான்.

அறுவடை முடிந்ததும் வழக்கம்போல எனக்குக் கால் அரித்தது. போகிறேன் என்றேன். "போறவன் போ. ஏணிய எடுத்த எடத்துல வச்சுட்டுப் போ" என்றார் அக்கா.

போன வாரம் தோட்டத்து நண்பன் பேசினான். அக்கா இன்னமும் காலையில் என் பேரைக் கூப்பிடுகிறாராம். பதில் வராது என்று தெரிந்தும் கேட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பாராம். பிறகு, "அரைப் பேர்" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாராம்.

வேலைக்கே போகாதவனுக்கு அரைப் பேர். நான் திரிந்த ஊர்களில் வேறெங்கும் எனக்கு அவ்வளவு கிடைத்ததில்லை.