மங்கலான முகமும் மடக்குக் கத்தியும்

பாரிஸ் தொலைக்காட்சியில் ஊரார் திருட்டையெல்லாம் அம்பலப்படுத்தும் அருமை மகள் பிளாந்தீனுக்கு, ஓவெர்ன் மலையிலிருந்து அப்பா ஆன்செல்ம் முத்தங்களுடன் எழுதுவது. நாங்கள் நலம். உன் அம்மாவின் முழங்கால் நலம். நலம் என்று எழுதினது மரியாதைக்கு.

மெத்தைக் கம்பெனி, முதியோர் இல்லம், மந்திரியின் நீச்சல்குளம் என்று நீ ஒவ்வொருத்தர் பின்னாலும் மைக்கோடு ஓடினபோதெல்லாம் நான் சோபாவில் உட்கார்ந்து கைதட்டினேன், ஓடினவர்கள் யாரும் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லையே. நம் ஊர் பாலாடைக்கட்டிச் சங்கத்தில் மலைப்புல் மேய்ந்த பசுவின் பால் என்று லேபிள் ஒட்டிவிட்டு வெளியூர்ப் பால்பவுடரைக் கலக்கிறார்கள் என்று நானேதான் உனக்குச் சொன்னேன், மறுக்கவில்லை. நீயும் என் முகத்தை மங்கலாக்கினாய், குரலை வாத்துக் குரலாக்கினாய், பெயரைக்கூட மிஷேல் என்று மாற்றினாய். ஆனால் நடுவில் மாதா கோயில் மதிய மணி அடித்ததும் நான் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, பையிலிருந்து என் மடக்குக் கத்தியை எடுத்து ரொட்டி நறுக்க ஆரம்பித்தேனே, அதை யாரம்மா மறைப்பது? மணி அடிச்சா சாப்பிடாம வேற என்ன பண்றது? இந்த ஊரில் ஆளை மறந்தாலும் அவன் சாப்பாட்டுக் கத்தியை மறக்க மாட்டார்கள், அதுவும் பிடி உடைந்து செம்புக் கம்பி சுற்றின கத்தி!

மறுநாள் ரொட்டிக்கடை மதில்த், "வாங்க மிஷேல் ஐயா, கத்தி சௌக்கியமா?" என்கிறாள். காபிக்கடையில் வாத்து மாதிரி கத்துகிறார்கள். வழக்கமான வணக்க முத்தத்துக்குக் கன்னத்தை நீட்டினால், அந்நியனுக்குப் போலக் கையை நீட்டுகிறார்கள். சங்கத் தலைவன் கோந்திரான், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், உங்கள் தொலைக்காட்சி மேல் சங்கத்தின் பெயரில் அவதூறு வழக்குப் போட்ட கையோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஏய் ஆன்செல்ம், பொண்ணு எழுதிக் குடுத்ததத்தான் வாசிச்சேன்னு கோர்ட்டுல சொல்லிடு. அவளுக்கு வேற வேல கெடைக்கும். நமக்கு வேற ஊரு கெடைக்காதுடா."

"எம் பொண்ணு சின்ன வயசுலயே பொய் சொல்ல மாட்டா. அதனாலதான் வீட்டுல நிம்மதியே இல்லாம இருந்துச்சு, போடா!"

சாட்சி முகம் காட்டாவிட்டால் வழக்கு தோற்கும், உன் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவோம் என்று உன் நிர்வாகம் சொன்னதை நீ அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம். அவள் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டபோதே நான் கண்டுபிடித்துவிட்டேன். துப்புத் துலக்கும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? வியாழக்கிழமை ரயிலேறுகிறேன். முகம், குரல், பெயர் எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். வேண்டாம்ப்பா என்று போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். கோந்திரான் கோழை. நான் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

உனக்கும் உன் கேமராக்காரருக்கும் என் ஆசியும் அம்மாவின் அன்பும்.

அப்பா
ஆன்செல்ம்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போது கோந்திரான் கொல்லைப்பக்கமாக வந்தான். "பவுடர் வாங்கச் சொன்னவனே நான்தான்டா. உம் பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன். மூஞ்ச மட்டும் மறைக்கச் சொல்லு" என்று அழுதுவிட்டான். ஆகவே கோழை என்று எழுதினதை அடித்துவிடு. வழக்குப் போட்ட தலைவனே ஒப்புக்கொள்வதால் நான் வரவேண்டிய அவசியமும் இனி இல்லை. ஆனாலும் வருகிறேன், இரண்டு பேரும் ஒரே ரயிலில். பக்கத்தில் ஒருத்தனாவது முகத்தோடு உட்கார்ந்திருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும்.