பழைய அளவில் ஒரு ஷெர்வானி

அளவுச்சட்டைக்காரர் என்றொரு மனித இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. வன்னிப் பெருநிலத்தில் யானைகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வருகிறார்கள். குளங்களையும் குரங்குகளையும் கணக்கெடுக்கிறார்கள். இந்த இனத்தை மட்டும் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. குடும்பப் படங்களின் பின்புறத்தில் பெயரையும் திகதியையும் பிழையின்றி எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் இது முதலில் கண்ணில் படும். ஒரே மனிதரின் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மனிதர் அகன்றுகொண்டே போகிறார். சட்டை அகலவில்லை.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிக எளிது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தையற்கடைக்கு வரும்போது கையில் ஒரு பை இருக்கும். பைக்குள் ஒரு பழைய சட்டை இருக்கும். அந்தச் சட்டையை மேசையில் வைத்துவிட்டு, வேலியோரம் பாம்பைக் கண்டவர்போல இரண்டடி பின்வாங்கி நிற்பார். தையற்காரரின் கழுத்தில் தொங்கும் அளவு நாடாதான் அந்தப் பாம்பு. “இதின்ர அளவிலை தையுங்கோ” என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

உடம்பு பெருத்துவிட்டது என்பதை இவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. துணிதான் சுருங்கிவிட்டது. ஏன் சுருங்கியது என்றால், இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். அது துணியைப் பிடித்து இழுத்துவிடும். தண்ணீரில் குற்றமில்லையென்றால் சவர்க்காரத்தில் குற்றம். சவர்க்காரத்திலும் இல்லையென்றால் தோய்த்துக் காயப்போட்ட மனைவியில் குற்றம். அதே தண்ணீரில், அதே சவர்க்காரத்தில், அதே மனைவி தோய்த்த படுக்கை விரிப்பு ஏன் சுருங்கவில்லை? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து தங்கை முறையான ஒருத்தி தொலைபேசியில் கேட்கிறாள்.

“அண்ணை, சேட் எடுக்கப் போறன். என்ன சைஸ்?”

“எனக்கு எப்பவும் மீடியம்தானே.”

மீடியம் வந்து சேரும். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். சற்று நேரம் மூச்சுவாங்கும் ஓசை கேட்கும். பிறகு வெளியே வந்து, “நிறம் எனக்கு ஒத்துவராது, மருமகனுக்குக் குடுங்கோ” என்பார். மருமகனிடம் இப்படிச் சேர்ந்த சட்டைகளை வைத்து முல்லைத்தீவில் ஒரு கடை திறக்கலாம்.

பெண்பாலாரை விட்டுவிட்டால் அது பாரபட்சமாகும். நேசமலர் ரீச்சரின் அளவுச் சட்டை, அவா முதல் நியமனம் பெற்ற காலத்துச் சாரிச் சட்டை. ஒவ்வோர் ஆண்டும் உட்தையலைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்வா. பிரித்துப் பிரித்துப் பிரிப்பதற்குத் தையலே இல்லாமற் போன பின்னரும், “இன்னும் ஒருக்கால் பாருங்கோ, உள்ளுக்குத் துணி கிடக்கும்” என்பா. புதிதாகத் தைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு அவா கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்துவதில்லை. ஆகையால் அவாவின் வகுப்பில் பாடங்கள் யாவும் பலகையின் நடுவிலிருந்து தொடங்குகின்றன.

இவர்களுக்கென ஒரு நாகரிக சாத்திரமும் உண்டு. கறுப்பு மெலிவாகக் காட்டும்; ஆகவே பங்குனி வெயிலில், நண்பகலில், பரந்தன் சந்தியில், கறுப்பு நீளக்கைச் சட்டையோடு பேருந்துக்கு நிற்பார்கள். நெடுங்கோடு உயரமாகக் காட்டும். ஆகவே கோடு போட்ட சட்டை. அந்தக் கோடுகள் தோளிலிருந்து மிக நேர்மையாகத்தான் புறப்படுகின்றன. வயிற்றை அடைந்ததும் குளக்கட்டைச் சுற்றிப்போகும் பாதையைப்போல வளைந்து, இடுப்புக்குக் கீழேதான் மறுபடி சந்திக்கின்றன. இவர் மோட்டார் சைக்கிளில் ஏறினால் பொத்தான்களுக்கு இடையே காற்றுப் புகுந்து, முன்பக்கத்தில் ஐந்து சன்னல்கள் திறந்துகொள்ளும். எதிரே வருபவர்கள் வழி விடுவார்கள். மரியாதையினால் என்று இவர் நினைப்பார்.

வடிவாக உடுக்க வேண்டும் என்ற ஆசையில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஐம்பதை நெருங்கும் வயிற்றுக்கும் அழகான உடுப்பு இவ்வுலகில் உண்டு. அது அந்த வயிற்றின் அளவில் தைத்த உடுப்பு. இந்த ஒரு சிறு செய்தியைத்தான் இவர்களிடம் எவராலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

தண்ணீரூற்றைச் சேர்ந்த கேதீஸ்வரனிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதம் விரிவாகச் சொல்லத் தக்கது.

கேதீஸ்வரன் முல்லைத்தீவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வயது நாற்பத்தாறு. அவருடைய தங்கை தயாளினிக்கு நாற்பத்தொன்று. போரும் இடப்பெயர்வும் அவளுடைய கலியாண வயதைத் தின்றுவிட்டன. பிறகு கனகராயன்குளத்து ஜனகன் வந்தார். கச்சான் கடலையும் நெல்லும் விதைக்கும் மனிதர். அவருடைய பெற்றோர் எழுபத்தேழுக் கலவரத்தின்பின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். தயாளினி வீட்டாரோ யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறியவர்கள். இரு தரப்பும் வந்தேறிகளே என்றாலும், பெண்வீட்டு உறவினரில் சிலர் ‘மலையகம்’ என்ற சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் உச்சரிப்பார்கள். இந்தச் சம்பந்தம் இழுபட்டதற்கு அந்தத் தாழ்ந்த குரல்களே காரணம். முதல் நாளிலிருந்து உரத்த குரலில் ஓம் என்றவர் கேதீஸ்வரன் ஒருவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது.

கலியாணத்துக்கு உடுப்புத் தைக்கும் படலம் தொடங்கியது. தயாளினி தையற்கடையில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, “உள்ளதை எடுங்கோ, ஒளிச்சு என்ன” என்றாள். முடிந்தது. அண்ணன் மரூன் நிறத்தில் ஷெர்வானித் துணி வாங்கினார். பையோடு தையற்காரர் தங்கராசாவிடம் போனார். பைக்குள் இருந்தது அவருடைய சொந்தக் கலியாணக் கோட்.

தங்கராசா கோட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். “சேர், நான் கோட்டுக்குத் தைக்கவோ, உங்களுக்குத் தைக்கவோ?”

“ரெண்டும் ஒண்டுதானே!”

தங்கராசா குடும்பஸ்தர், வாக்குவாதம் செய்பவரல்லர். கோட்டுக்கே தைத்துக் கொடுத்தார்.

வீட்டில் தயாளினி விட்டுவிடவில்லை. “அண்ணா, அந்தக் கோட் நாங்கள் அகதி முகாமிலை கிடந்து மெலிஞ்சு வந்த கையோடை தைச்சது. அது உங்கட அளவில்லை, முகாமின்ர அளவு.”

“அப்ப நான் எவ்வளவு ஸ்மார்ட் எண்டு படத்தைப் பார்.”

“அந்தப் படத்திலை எல்லாரும்தான் ஸ்மார்ட். எங்கட நாய்கூட ஸ்மார்ட்டாத்தான் நிக்குது.”

கேதீஸ்வரன் ஷெர்வானியை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

கலியாண நாள் வந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று, குனிந்து அவருடைய காலைக் கழுவி, மாலையிட்டு, கைபிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டும், மாப்பிள்ளை அவருக்கு ஒரு மோதிரம் அணிவிப்பார். தோழனாக நிற்பவன் பொதுவாக மீசை அரும்பும் இளைஞனாக இருப்பான். இங்கே பெண்ணுக்கே நாற்பத்தொன்று. கேதீஸ்வரன் பட்டு வேட்டிக்கு மேலே மரூன் ஷெர்வானி அணிந்து, கழுத்து வரை பூட்டி, நிமிர்ந்து நின்றார். மிடுக்காகத்தான் இருந்தது. நிமிர்வது தவிர அவருக்கு வேறு வழியுமில்லை.

ஜனகன் பலகையில் ஏறித் தாம்பாளத்தில் காலை வைத்தார். கேதீஸ்வரன் செம்பை எடுத்துக் குனியத் தொடங்கினார். முதுகுத் தையலில் எங்கோ ‘டிக்’ என்றது. நின்றார். மறுபடி முயன்றார். மறுபடி ‘டிக்’. அவர் மெல்ல நிமிர்ந்து, நெஞ்சு உயரத்தில் செம்பைச் சரித்து, கத்தரிக் கன்றுக்கு ஊற்றுவதுபோல ஊற்றினார். தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்து தெறித்து, மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரையை நனைத்தது.

“என்னா இது?” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. “குனிஞ்சா கொறைஞ்சிருவாரா? தோட்டத்து ஆளுங்க காலுன்னு யோசிக்கிறாரு போல.”

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேர், தட்டுகளை ஏந்தி வந்த பெண்களை மறித்து நிறுத்தினார்கள். பெண்வீட்டில் குரல் தாழ்த்திப் பேசுபவர்கள் இப்போது குரலே இல்லாமல் நின்றார்கள். உள்ளே மணமகள் அறையில் தயாளினி, “ஏன் மேளம் நிண்டது?” என்று கேட்டாள். அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்க்க ஓடினாள்.

வாசகரே, இந்த இனத்தின் இயல்பை ஆராய இதைவிடச் சிறந்த ஆய்வுகூடம் வாய்க்காது. ஒரேயொரு வாக்கியம் போதும். தங்கையின் கலியாணம் தப்பிவிடும். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் மனைவியிடம் சொன்னதில்லை, மருத்துவரிடம் சொன்னதில்லை, கண்ணாடியிடமே சொன்னதில்லை. திமிர் பிடித்தவன் என்ற பெயரோடு ஊரில் வாழலாம். பலர் வாழ்கிறார்கள், சிலருக்குப் பதவி உயர்வும் கிடைக்கிறது. உடம்பு பெருத்த மொத்தமானவன் என்ற பெயரோடு எப்படி வாழ்வது? கேதீஸ்வரன் வாயைத் திறந்தார். மூடினார். மௌனமும் நிமிர்ந்த முதுகுமாக, உலகிலேயே மிகப்பெரிய சாதிமான்போல அங்கே நின்றார்.

மாப்பிள்ளையின் தாய் அழகம்மா முன்னே வந்தா. சண்டைக்கு வரவில்லை, அதுதான் பயங்கரம்.

“தம்பி,” என்றா மெதுவாக, “எங்க புள்ள காலைத் தொட ஒங்களுக்கு மனசில்லன்னா சொல்லிருங்க. செம்பைக் குடுங்க. நானே கழுவிக்கிறேன்.”

நீட்டிய கையில் பழைய தேயிலைக் கொழுந்துக் கறை எதுவும் இருக்கவில்லை. வன்னி மண்ணைக் கொத்திக் காய்த்துப்போன கைதான். கேதீஸ்வரன் அந்தக் கையைப் பார்த்தார்.

“ஐயோ அம்மா, மனம் இருக்கு!” அவருடைய குரல் மண்டபத்தின் பின்வரிசை வரை போயிற்று. “வயிறுதான் விடுகுதில்லை. நான் மொத்தமா வந்திட்டன். இது பழைய அளவு. குனிஞ்சால் கிழிஞ்சு போயிடும்.”

அழகம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தா.

“எந்தக் காலத்து அளவு?”

“கலியாணத்து நேரம்.”

“யாரு கல்யாணம்?”

“என்ர.”

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. பலகையில் ஒற்றைக் காலோடு நின்று சிரித்ததில் விழப் பார்த்தார். அடுத்ததாக மண்டபமே சிரித்தது.

“கிழிஞ்சாக் கிழியட்டும்,” என்றா அழகம்மா. “குனிங்க தம்பி. நேரம் போவுது.”

கேதீஸ்வரன் குனிந்தார். தவில்காரர் இரக்கப்பட்டு அந்தச் சத்தத்தை மறைக்க ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஆனால் கிழிசல் முந்திக்கொண்டது. கழுத்துப்பட்டியிலிருந்து இடுப்பு வரை முதுகு இரண்டாகத் திறந்தது. அவர் நிமிரவில்லை. இரண்டு காலையும், விரலுக்கு விரல், ஐயர் “போதும், போதும்” என்று சொல்லும்வரை கழுவினார்.

மோதிரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விரல் அளவு கேட்டு அனுப்பியபோது இவர் என்ன அனுப்பியிருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ? அது நடுமூட்டைத் தாண்டவில்லை. ஜனகன் மூன்று விரல்களில் முயன்று பார்த்துவிட்டுச் சுண்டுவிரலில் செருகினார்.

சற்று முன் உரத்துப் பேசிய தாய்மாமன் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்தார். கேதீஸ்வரன் கிழிந்த ஷெர்வானியைக் கழற்றி எறிந்ததும், அந்தச் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டார். போர்த்தும்போது காதோடு ஒன்று சொன்னார்.

“நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க தம்பி. எங் கோட்டும் பூட்டாது. அதான் தொறந்து விட்டுருக்கேன்.”

மேளம் மறுபடி முழங்கியது. தயாளினி மணவறைக்கு வந்தபோது, வெற்றுமேனியில் சால்வையோடு நிற்கும் அண்ணனைக் கண்டாள். மணமகள் தலைகுனிந்து வர வேண்டும் என்பது மரபு. அவள் குனிந்துதான் வந்தாள், சிரிப்பை மறைப்பதற்காக. அந்தக் கலியாணப் படங்களில் அளவுக்கு மீறி வடிவாக ஒருவர் நிற்கிறார் என்றால், அது மணமக்கள் இருவருக்கும் அடுத்தபடியாகக் கேதீஸ்வரன்தான். வேட்டி, சால்வை, தாராளமான வயிறு, மூச்சு விடும் முகம். “ஆர் இந்த வடிவான மனிசன்?” என்று ரொறன்ரோவிலிருந்து கேட்டார்களாம்.

ஆகவே அவர் திருந்திவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். கலியாணம் கழிந்து சில நாளில் அவர் தங்கராசாவிடம் போனார்; பை இல்லை; கைகளை விரித்து, கண்ணை மூடி, நாடாவுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். தங்கராசா அளந்து முடித்ததும் கேதீஸ்வரன் மெல்லக் கேட்டார்: “ரெண்டு இஞ்ச் குறைச்சு வெட்டுங்கோவன். திங்கள் தொடக்கம் நான் நடக்கப் போறன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் இந்த இனத்தவரல்லர். அப்படியானால் உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில், மெலிந்த பிறகு போடலாம் என்று மடித்துவைத்திருக்கும் அந்த ஒன்று யாருடையது? விருந்தாளிகள் விட்டுப்போனதா? எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஆனால் முதலில் கதவைச் சாத்துங்கள். உங்கள் வீட்டில் தவில்காரர் இல்லை.