ஓட்டுப் போட்ட இடது கை

இந்தக் கதையில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். நடந்தது 2003-இல், உச்சிப்புளிக்குக் கிழக்கே எங்கள் கடற்கரையில்.

அந்த வருஷம்தான் கைச்சாமி வந்து இறங்கினார். காவி வேட்டி, கழுத்தில் சங்குமாலை, தலையில் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் முன்பக்கம் கை நுழைக்க இரண்டு ஓட்டை. மேல்மூடியில் வலது பாதி மட்டும் திறப்பு. கடலில் கையைப் பறிகொடுத்தவர்களின் கையை அதற்குள் வரவழைத்துக் காட்டுவார் என்று பேச்சு. மூன்றே நாளில் கடலாடியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். திருவாடானையிலிருந்தும் வந்தார்கள். கை போனவர்கள் மொத்தம் நான்கு பேர். மற்ற ஐந்நூறு பேருக்கும் இரண்டு கையும் பத்திரமாக இருந்தன. கும்பிடுவதற்கு அவை தேவைப்பட்டன.

பரோட்டாக் கடை சலாஹுதீனும் வரிசையில் நின்றார்.

“நான் கும்பிட மாட்டேன், அது எங்களுக்குக் கூடாது. ஆனா சும்மா கெடக்குற கை ஒண்ணு இருந்தா நம்ம கடைக்கு அனுப்புங்க. மாவு பெசைய ஆள் கெடைக்கல.”

“மூணாவது கை மூணாவது மாசம் வரும்,” என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல்.

கை போன நால்வரில் ஒருவரான வீரையாவின் கதை வேறு. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி, இடது கை மணிக்கட்டோடு போய் நான்கு வருஷம். போன கை முழுதாகப் போய்த் தொலையவில்லை என்பதுதான் சிக்கல். இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் குத்துகின்றன என்று பல்லைக் கடிப்பார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று மாத்திரைக்குத் தெரியவில்லை.

சாமி அவரைப் பெட்டி முன் உட்காரவைத்தார். கை போன முனை இடது ஓட்டைக்குள், நல்ல கை வலது ஓட்டைக்குள்.

“வலது கை தொணைக்குப் போகணும். இல்லேன்னா எடது கை கூச்சப்படும். ரெண்டையும் சேர்த்து மெதுவா விரி. வலது பக்கமாச் சாஞ்சு பாரு.”

பார்த்தார். பெட்டிக்குள் இரண்டு கை! இடது கை, சதையும் நகமுமாக, மெல்ல விரிந்தது.

“ஏ பூமயிலு! தொறந்துருச்சு! என் கைதான்! நான் சொன்னபடி கேக்குது!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

நான்கு வருஷக் குத்தல் நின்றது. வீரையா அழுதார். கூட்டமும் அழுதது. அழுகை வராதவர்கள் குலவை போட்டார்கள்.

குத்தல் நின்றது மெய். வினையே அதுதான். வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் கை மறுபடி மூடிக்கொண்டது. தினமும் பெட்டிக்கு ஓடினார். பத்தாம் நாள் சாமி விஷயத்துக்கு வந்தார்.

“கை கடலம்மா காவல்ல இருக்கு. பதிலுக்குக் கடல்ல போற பொருள் ஒண்ணு கேக்குறா. ஒன் வத்தையை என் பேருக்கு எழுதிக் குடு. கை ஒன் வீட்டுக்கே வந்துரும்.”

வத்தை என்றால் சின்னப் படகு. வீரையாவின் மனைவி பூமயில் அதில்தான் தீவுப் பக்கம் போய், முங்கிக் கடல்பாசி எடுத்து வந்து விற்கிறாள். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பாசியால்.

“வத்தையைக் குடுத்துட்டா நான் தீவுக்கு நீந்தியா போறது?” என்றாள்.

“கை வந்துட்டா நானே தொழிலுக்குப் போயிருவேன்ல.”

“எதுல போவீக? பெட்டியிலயா?”

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுப்பதென்று வீரையா முடிவு செய்துவிட்டார்.

வியாழக்கிழமை தேர்தல். இடது கை இல்லாததால் அவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். மறுநாள் பத்திரத்தோடு போனவர், கையெழுத்துக்கு முன் ஒரு தரம் பெட்டிக்குள் பார்த்தார். இடது ஆள்காட்டி விரலிலும் மை!

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. முதலில் சுதாரித்தவர் சாமிதான்.

“பார்த்தீங்களா! யாருக்கும் தெரியாமப் போயி ஓட்டுப் போட்டுட்டு வந்துருக்கு!”

ஒருத்தி பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். பூத் ஏஜெண்ட் இருளாண்டி மட்டும் கொதித்தார்.

“ஏலே, ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டா? கள்ள ஓட்டுலே இது! எந்தச் சின்னத்துல குத்துச்சுன்னு அந்தக் கையைச் சொல்லச் சொல்லு!”

எதிர்க்கட்சி ஏஜெண்ட் கூத்தையா நிதானமானவர். “எங்களுக்குப் போட்டுருந்தா செல்லும்ப்பா,” என்றார்.

ஜனநாயகம் இப்படித் தத்தளித்துக்கொண்டிருந்தபோது பூமயில் முன்னால் வந்தாள்.

“ஓட்டுப் போடுற அளவுக்கு வெவரமான கைக்கு இன்னும் தொணை எதுக்கு சாமி?” புருஷன் பக்கம் திரும்பினாள். “இந்தாங்க, நீங்க வலது கையை வெளிய எடுங்க. அது தனியா ஒரு சலாம் வைக்கட்டும். வச்சா வத்தை இப்பவே சாமிக்கு.”

“தாயீ, கை கோவிச்சுக்கிட்டுப் போயிரும்...”

“எப்படிப் போகும்? அதுக்குக் கால் இல்லையே.”

வீரையா வலது கையை உருவினார். பெட்டிக்குள் இடது கை காணாமல் போயிற்று. விட்டார், வந்தது. உருவினார், போயிற்று. பூமயில் தன் கையை வலது ஓட்டைக்குள் விட்டாள். வீரையா எட்டிப் பார்த்து அலறினார். அவருடைய இடது கையில் எட்டுக் கண்ணாடி வளையல்!

மூடியைப் பிடுங்கினாள். நட்டநடுவே நிறுத்திய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பின்பக்கம் சிவப்பு எழுத்தில், ‘திருமண நல்வாழ்த்துகள் - மணமகன் நண்பர்கள்.’

சாமியின் சொந்தப் பெயர் சேதுராமன் என்றும், பொருட்காட்சியில் ‘தலை மட்டும் பேசும் பெண்’ கூடாரத்தில் கண்ணாடி துடைத்தவர் என்றும் பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் உச்சிப்புளியைத் தாண்டியிருந்தார். ஓடிய கால்கள் இரண்டும் அசல்.

வீரையா ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரிகிற கை நினைத்தபடி அசைந்தால், மூளை உடனே அதற்குப் பட்டா போட்டுவிடும். யாருடைய மூளையும் அப்படித்தான். ஆனால் கண்ணாடிக்குக் காவி எதற்கு? அதைக் கேட்க ஐந்நூறு பேரில் ஒருத்திதான் இருந்தாள். அந்தக் கண்ணாடி இப்போது அவள் அடுப்படியில் சாத்தியிருக்கிறது. வீரையா காலையும் மாலையும் அதன் முன் கையை விரிக்கிறார். குத்தல் குறைந்து வருகிறது. வத்தை தீவுக்குப் போய்வருகிறது. சலாஹுதீன் மட்டும் இன்னும் அந்த மூன்றாவது மாசத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, காவி கட்டிச் சொன்னாலும் சரி, சூடம் அணைத்துச் சொன்னாலும் சரி, தலையாட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள், என்னிடமும்தான். 2003-இல் எங்கள் ஊரில் எந்தத் தேர்தலும் நடக்கவில்லை.