ஸலாத்துக்குப் பதில் சொன்னவரைச் சுடாத விபரம்

ஏறாவூர்,
செவ்வாய்க்கிழமை.

என் மதிப்புக்குரிய ஸபீனா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, வாப்பா, நான் மூவரும் சுகம். ஓட்டமாவடியில் நீங்களும் அம்ஜத் மச்சானும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். குரல் பதிவு அனுப்பினால் என் குரலை நானே கேட்க வேண்டி வரும் என்பதால், நாளை சாரன் துணி மூட்டையோடு அங்கே வரும் வாப்பாவின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். விஷயம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைப் போட்டிக்கு முன் போனில் ஆடும் நம் துப்பாக்கி விளையாட்டு அணியிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். நான் போனால் நீங்கள், மச்சான், சாச்சியின் மகள் ஸாதியா என்று மூன்று பேர்தான் மிச்சம் என்பது தெரியும். நான் இருந்தாலும் மூன்று பேர்தான் என்பதை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்டீர்கள்.

நான் அணிக்குள் வந்த விதத்திலேயே ஒரு கள்ளம் இருக்கிறது. பெருநாளுக்கு வந்தபோது என் போனைப் பார்த்து, இந்தப் புள்ள பதினெட்டு ஆட்டம் தொடர்ந்து வென்றிருக்கு என்று மச்சான் வாயைப் பிளந்தாரே, அந்தப் பதினெட்டிலும் நான் சுட்டதெல்லாம் பொட். மனிதர் இல்லை, விளையாட்டே ஆட்டி வைக்கும் பொம்மை எதிரிகள். புதிதாக வருகிறவர்கள் மனம் தளர்ந்து ஓடிவிடக் கூடாதென்று அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் என்னைப் பார்த்து ஒருவர் வாயைப் பிளந்தது அதுதான் முதல் தடவை, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பொட்டை நீங்கள் கேவலமாகப் பேசுவது சரியில்லை ராத்தா. அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், நான் மூன்று தடவை குறி தவறும் வரைக்கும் பொறுத்திருக்கும், செத்தாலும் கோபிக்காது. ஏன் புள்ள ஸ்கூலுக்குப் போறல்ல என்று கேட்காது. எழும்பி நின்று வாசிக்கச் சொன்ன அன்று எனக்கு வந்த தலைவலி இரண்டு வருடமாகியும் சுகமாகவில்லை என்பது குடும்பத்துக்கே தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் ஸலாம்கூடச் சொல்லாமல் குசினிக்குள் ஓடுகிறேன் என்று உம்மா ஏசுவதும் தெரியும். அதற்குத்தான் பொட்டில் பழகினேன். எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பொட்டையும் கண்டவுடன் முதலில் ஸலாம், பிறகு வெடி. இருநூறு ஸலாமாவது சொல்லியிருப்பேன். பதில் சொல்ல ஆளில்லை என்ற தைரியத்தில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இவ்வளவு பொறுமைசாலிகளை நான் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை, கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் மூவரும் செத்துவிட்டீர்கள். களத்தில் மிச்சம் நானும் எதிரணியில் ஒருவரும். அந்த ஆள் கிணற்றுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். நான் பொட் என்றே நினைத்து, வாய்ப் பழக்கத்தில் ஸலாம் சொல்லிவிட்டேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றது ஒரு பெண் குரல். "ஆரு புள்ள நீங்க?"

இருநூறு ஸலாத்தில் முதல் பதில். பெயரைச் சொன்னேன். ஊரைக் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் பெயர் இன்ஷிரா, ஊர் காத்தான்குடி, தேத்தண்ணி பொங்குதா என்று பார்க்கப் போனதால்தான் அசையாமல் நின்றாராம். பிறகு வாப்பா யார் என்று விசாரித்தார். ஸலாத்துக்குப் பதில் சொல்லி, வாப்பாவையும் விசாரித்த ஒருவரை எப்படி நெற்றியில் சுடுவது? நீங்கள் சுடு, சுடு என்று கத்தியது எனக்குக் கேட்டது. என் போன் வழியாக அவருக்கும் கேட்டிருக்கிறது.

"உங்கட ராத்தா சுடச் சொல்றா," என்றார். "சுடல்லயா?"

"முதல்ல நீங்க," என்றேன்.

வந்தவருக்குப் பலகாரத் தட்டை நீட்டுவது மாதிரி அது தானாகவே வந்துவிட்டது. அவர் இரண்டு தரம் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தினேன். மூன்றாம் தரம், மனமில்லாமல்தான் சுட்டார். மச்சான் அன்று சோறு தின்னவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே ராத்தா, மனிதர்களோடு மோத நான் லாயக்கில்லை. பேசவும் லாயக்கில்லை. என்னைப் பொட்டுகளோடு விட்டுவிடுங்கள், அதுகளும் நானும் ஒரு ரகம். மச்சானிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள், ஸாதியாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தையும், வெள்ளிக்கிழமை வெற்றியையும் தருவானாக.

இப்படிக்கு,
ஒருவரையும் சுட முடியாத தங்கை,
ஸுஹைனா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது இன்ஷிரா விளையாட்டுக்குள் அழைப்பு அனுப்பினார். ஒரு மணித்தியாலம் பேசினோம், அதில் அரை மணித்தியாலம் நான். அவர்களுடைய அணியில் ஓர் இடம் இருக்கிறதாம், ஓம் என்றுவிட்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை நான் வருவேன், உங்களுக்கு எதிரில்; அன்றும் உங்களோடு மோதுவது அவர்கள்தானாம். ஆபத்து வந்தால் நீங்கள் எப்போதும் மாடிப்படிக்குக் கீழே குந்திக்கொள்வதையும், மச்சானுக்கு இடது பக்கம் திரும்பத் தெரியாததையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம். புது இடத்துக்கு வெறுங்கையோடு போவது மரியாதை இல்லைதானே.